கொய்யாப் பலகையில் வெசாலியஸின் தொடை

கொய்யா மரத்தில் நான் செதுக்கிய அச்சுக் கட்டை கடைசியில் ஒழுங்காக அச்சேறிவிட்டது. விவரங்கள் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

பதினாறாம் நூற்றாண்டு உடற்கூறு மருத்துவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் 1543-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வெளியிட்ட ‘டி ஹுமானி கார்போரிஸ் ஃபாப்ரிகா’ என்ற உடற்கூறு நூலில், தோலுரித்த மனிதர்கள் குன்றுகளுக்கு முன்னால் நிற்கும் தசைப் படங்கள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையின் முதல் படத்தில் உள்ள மனிதனின் வலது தொடையை, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை, மரத்தில் செதுக்கிக் கறுப்பு மையில் எடுத்திருக்கிறேன். முழு உருவத்தைத் தொடவில்லை. ஒரு தொடையில் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பது கத்தியை வைத்த பிறகுதான் புரிகிறது.

லினோ தகட்டில் செதுக்கிப் பழகியவன் நான். இந்தப் படங்களைப் பல வருடமாக ஓவியங்களாகவே பார்த்து வந்தேன். ஆனால் அச்சில் இருக்கும் ஒவ்வொரு கோடும், அதன் இருபுறமும் ஒருவர் மரத்தை வெட்டி எடுத்ததால் மிஞ்சிய மேடு. வரைந்தவர் யார் என்பதைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வெசாலியஸ் 1538-இல் வெனிஸில் அச்சிட்ட ஆறு பெரிய தாள்களில், மூன்று எலும்புக்கூட்டுப் படங்களை வரைந்தவராக யான் ஸ்டீபன் வான் கால்கர் என்ற பெயர் இருக்கிறது. 1543 நூலில் ஓவியர் பெயரே இல்லை. மரத்தைச் செதுக்கியவர் பெயர் இரண்டிலும் இல்லை. அந்தப் பெயரில்லாத கை என்ன செய்தது என்று என் கையால் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் நோக்கம்.

முதலில் படம். நூலகங்கள் பொதுவில் வைத்திருக்கும் உயர்தர ஸ்கேன் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நூலின் பக்கம் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் உயரம். அந்த அளவுக்கு அச்சிட்டுத் தொடைப் பகுதியில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், நிழல் அடர்ந்த இடங்களில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதே அளவில் செதுக்க என் கண்ணும் கத்தியும் இடம் கொடுக்கவில்லை. ஒன்றரை மடங்கு பெரிதாக்கினேன். தொடை 15 சென்டிமீட்டர் நீளம் வந்தது. கட்டைக்கு 17-க்கு 10 சென்டிமீட்டர் போதும்.

அடுத்தது மரம். இந்த வேலையில் பாதி வெற்றி இங்கேதான் தீர்மானமாகிறது. வெசாலியஸின் கட்டைகள் பேரிக்காய் மரத்தால் ஆனவை. மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகைகள் அவை. குறுக்கே அறுத்த முகப்பில் செதுக்கும் முறை பின்னால் வந்தது. இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்தக் கட்டைகளில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டு வரை பிழைத்திருந்தது. 1934-இல் மியூனிக்கில் அதே கட்டைகளிலிருந்து புதிதாக அச்செடுத்தார்கள். நானூறு வருடம் கழித்தும் கோடு கலையாமல் விழுந்திருக்கிறது. பத்து வருடத்தில், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அத்தனையும் எரிந்துபோயின. இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

பேரிக்காய் மரம் எனக்குக் கிடைக்காது. அறுவை மில்லில் நல்ல தேக்குத் துண்டு ஒன்று வாங்கினேன். துணி அச்சுக் கட்டைகளைத் தேக்கில் செய்வதைப் பார்த்திருந்ததால் வந்த நம்பிக்கை. துணி அச்சில் கோடு தடிமன். அதற்குத் தேக்கு சரி. ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்குத் தேக்கு ஆகவே ஆகாது. வளையத்துக்கு வளையம் திறந்த துளைகள். கத்தி மென்மையான பகுதியில் வழுக்கிக்கொண்டு போய்க் கடினமான பகுதியில் முட்டி நிற்கிறது. செதுக்கிய கோடும் துளை வந்த இடத்தில் தானாகவே உடைகிறது. அடுத்து வெட்பாலை. பொம்மைக் கடைசலுக்குப் பயன்படும் வெள்ளை மரம். வழவழவென்று இருக்கும், துளையே கண்ணுக்குத் தெரியாது. வெட்டும்போது கைக்கு அத்தனை சுகம். ஆனால் மெல்லிய கோடுகள் இரண்டு மூன்று அழுத்தத்திலேயே நசுங்கி, அச்சில் தடித்துவிட்டன. அகலமான கோடுள்ள படங்களுக்கு இன்றும் நான் வெட்பாலையைத்தான் சொல்வேன். இதற்கு வேறு வேண்டும்.

கொய்யா மரத்தைச் சொன்னவர் மில்லில் இருந்த வயதான ஆசாரி. “கொய்யாவில் கைப்பிடி போட்டால் ஆயுசுக்கும் இருக்கும், தம்பி. நெருக்கமான மரம். ஆனால் காய்வதற்குள் வெடித்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார். தெரிந்தவர் தோட்டத்தில் பட்டுப்போகத் தொடங்கியிருந்த பழைய மரம் ஒன்றை வெட்டினார்கள். தூர்ப்பக்கம் 22 சென்டிமீட்டர் விட்டம். நடுத்தண்டு பலகைக்குள் வந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும் என்பதால், அதை ஒதுக்கிவிட்டு இரு பக்கமும் ஒவ்வொரு பலகை அறுக்கச் சொன்னேன். தடிமன் 35 மில்லிமீட்டர். அறுத்த அன்றே இரண்டு தலைப்பிலும் உருக்கிய மெழுகுவத்தியைத் தடித்துப் பூசி, வீட்டுக்குள் காற்றோட்டமான பரணில் குச்சிகளை இடைவைத்து அடுக்கினேன். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அப்படியே இருந்தது. சமையலறைத் தராசில் அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகு எடுத்தேன். ஒரு பலகை வில்லாக வளைந்திருந்தது. மற்றது லேசான முறுக்கோடு தப்பியது. முறுக்கை எடுத்து, இழைப்புளி ஓட்டி, 220, 400, 600 எண் உப்புத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்து முடித்தபோது தடிமன் 22 மில்லிமீட்டர். இந்த எண்ணைப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

நாரோட்டத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதை இங்கேயே முடிவு செய்ய வேண்டும். தொடையின் நீளமும் மரத்தின் நாரும் ஒரே திசையில் இருக்கும்படி வைத்தேன். தொடையின் முன்பக்க நேர்த்தசையில் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. நாரோடு போகும் கோடு எவ்வளவு மெல்லியதானாலும் நிற்கும். நாருக்குக் குறுக்கே போகும் கோடுதான் முறியும். எது அதிகமோ அதை நாரோடு விட்டேன்.

படத்தைப் பலகைக்கு மாற்றுவதில் ஒரு தடவை வேலை வீணானது. மியூனிக்கில் கட்டைகளை ஆராய்ந்தவர்கள் அவற்றுக்குச் சூடான ஆளி விதை எண்ணெய் ஊட்டப்பட்டிருந்ததைக் கண்டிருந்தார்கள். நானும் பலகைக்கு முதலில் எண்ணெய் ஊட்டினேன். எண்ணெயை நேரடித் தீயில் வைக்கவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்துக் கை பொறுக்காத சூடு வரும்வரை ஏற்றித் துணியால் தேய்த்தேன். பிறகு லேசர் அச்சுத் தாளைக் கவிழ்த்து ஒட்டினால், பசை எண்ணெயில் நிற்கவில்லை. மறுநாள் காலையில் தாள் உரிந்து சுருண்டு கிடந்தது. மேற்பரப்பைத் திரும்ப இழைத்து, வரிசையை மாற்றினேன். உலர்ந்த மரத்தில் முதலில் படம்: மெல்லிய தாளில் லேசர் அச்சு, நீர்க்கச் செய்த மைதாப் பசை, அச்சு கீழ்நோக்கி. கவிழ்த்து ஒட்டுவதால் படம் இடவலம் மாறித் தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது. காய்ந்த பின் ஈர விரலால் தாளின் முதுகைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்தேன். அதன் மேல் எண்ணெய். மிஞ்சியிருந்த தாள் கண்ணாடியாகிக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. மரமும் எண்ணெய் குடித்துக் கத்திக்கு இசைந்து கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை. ஆளி எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடாகித் தீப்பற்றும். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவைத்து, பிறகு தண்ணீரில் நனைத்துத்தான் குப்பையில் போட வேண்டும்.

கத்தியைக் கடையில் வாங்கவில்லை. உடைந்த ஹாக்சா பிளேடைச் சாணை பிடித்து, நுனியைச் சாய்வாக வெட்டி, ஒரே பக்கம் கூர் வைத்தேன். கைப்பிடிக்கு மிச்சம் விழுந்த கொய்யாத் துண்டு. எண்ணெய்க் கல்லில் தீட்டிய பிறகு, தோல் வாரில் பச்சைப் பாலிஷ் தடவி இழுக்க வேண்டும். கொய்யா கூரைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. கால் மணிக்கு ஒரு முறை தோலில் இழுக்காவிட்டால் கோட்டின் ஓரம் மாவாக உதிரத் தொடங்கும். அச்சில் வெள்ளையாக விழ வேண்டிய இடங்களை அள்ளி எடுக்க ஒரு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் குழியுளிகள் இரண்டை வாங்கினேன். விளக்கு பொருத்திய மேசை லென்ஸும் தேவைப்பட்டது. கட்டைக்கு அடியில் மணல் நிரப்பிய தோல் பை; கட்டையை எந்தப் பக்கமும் எளிதாகத் திருப்பலாம். செதுக்கும்போது கத்தியைவிடக் கட்டைதான் அதிகம் நகர்கிறது என்று போகப்போகக் கை கண்டுகொள்ளும்.

ஒற்றைக் கோடு செதுக்குவது எளிது. கோட்டின் ஒரு பக்கம் கத்தியை வெளிப்புறமாகச் சாய்த்து ஒரு வெட்டு. மறுபக்கம் அதேபோல் இன்னொன்று. அப்போது கோட்டின் அடி அகலமாகவும் தலை மெல்லியதாகவும் நிற்கும். செங்குத்தாக வெட்டினால் கோடு அழுத்தத்தில் சாய்ந்துவிடும். பிறகு அடுத்த கோட்டுக்கான வெட்டு எதிர்ச்சாய்வில் வந்து முதல் வெட்டைச் சந்திக்கும் இடத்தில் மரச்சீவல் தானாகக் கிளம்பும்.

குறுக்குக் கோடுகள்தான் சோதனை. காகிதத்தில் பேனாவால் இரண்டு திசையில் கோடு இழுத்தால் நிழல் விழுந்துவிடும்; வரைபவருக்கு அது சில நொடி வேலை. மரத்தில் அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடைவெளியும் தனித்தனிச் சாய்சதுரம். என் கட்டையில் கோட்டுக்குக் கோடு 1.2 மில்லிமீட்டர், கறுப்புக்குப் போக உள்ளே மிஞ்சும் வெள்ளை எள்ளைவிடச் சிறியது. அதற்கு நான்கு பக்கமும் நான்கு வெட்டு, பிறகு கத்தி முனையால் ஒரு நெம்பு. ஒரு சதுர சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட எழுபது சாய்சதுரம், அதாவது இருநூற்றெண்பது வெட்டு. ஒவ்வொரு வெட்டும் அடுத்த கறுப்புக் கோட்டைத் தொடுவதற்கு முன் நிற்க வேண்டும். தொட்டால் கோடு அறுந்தது.

ஒவ்வொரு சாய்சதுரமாக முடித்துக்கொண்டு போனது மிக மெதுவாகவும் கோணல்மாணலாகவும் இருந்தது. முறையை மாற்றினேன். ஒரு வரிசையில் உள்ள எல்லாச் சாய்சதுரங்களின் இடது ஓரத்தையும் முதலில் வெட்டுவது. கத்தி கறுப்புக் கோட்டின் மேல் வரும்போது லேசாகத் தூக்கிக்கொண்டு தாண்டுவது. வரிசை முழுக்க முடிந்ததும் கட்டையைத் திருப்பி எதிர் ஓரம். பிறகு மற்ற இரண்டு ஓரங்கள். கடைசியில் சீவல்களை ஒரே மூச்சில் நெம்பி எடுப்பது. சாய்வும் அழுத்தமும் கையில் ஒரே மாதிரி படிந்துவிட, கோடுகள் சீராக வந்தன. வெனிஸில் வெசாலியஸின் படங்களைச் செதுக்கியவரும் இப்படித்தான் செய்தாரா என்பதற்குச் சான்று என் கையில் இல்லை. வேறு எப்படியும் இருநூறுக்கும் மேற்பட்ட படங்களைச் செதுக்கி முடித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் படங்களின் நுட்பம் கத்தி வழியாகத்தான் எனக்கு விளங்கியது. தசைகளின் மேல் உள்ள முதல் வரிசைக் கோடுகள் பெரும்பாலும் தசைநார் போகும் திசையிலேயே போகின்றன. அவை நிழலும் காட்டுகின்றன, நாரின் ஓட்டத்தையும் காட்டுகின்றன. நிழல் இன்னும் ஆழமாக வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டாம் வரிசை குறுக்கே வருகிறது. ஒரே கோட்டுக்கு இரண்டு பொறுப்பு. வெசாலியஸ் 1542 ஆகஸ்டில் அச்சாளர் ஓப்போரினஸுக்கு எழுதிய கடிதத்தில், கோடுகள் தடித்தும் மெலிந்தும் நிழலாகும் அழகு அச்சில் கெடக் கூடாது, தாள் உறுதியாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். கட்டைகளோடு மாதிரி அச்சுகளையும் சேர்த்துக் கட்டி, ஆல்ப்ஸ் மலை தாண்டி வணிகர்கள் மூலம் பாசலுக்கு அனுப்பிவைத்தார். அச்சு நடக்கும்போது தானும் அங்கே போய்விட்டார். அந்தக் கவலை வெறும் அழகுக்கானதாக எனக்குப் படவில்லை. கோடு கெட்டால் தசை கெடும்.

அது என் கட்டையிலேயே நடந்தது. தொடைக்குக் குறுக்கே, இடுப்பின் வெளிப்புற முனையிலிருந்து முழங்காலின் உட்புறம் நோக்கி நாடாவாக இறங்கும் நீண்ட தசை சார்ட்டோரியஸ். நாடாவின் கீழ்ப்பகுதியில் நாருக்குக் குறுக்கே போன மூன்று கோடுகள் முறிந்தன. அறுந்த நுனிகளை நேர்செய்கிறேன் என்று அந்தக் கோடுகளைச் சற்று முன்னாலேயே முடித்துவிட்டேன். பார்வைக்கு ஒன்றும் உறுத்தவில்லை. மாதிரி அச்சை எனக்குத் தெரிந்த எலும்புமுறிவு மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். பார்த்தவுடன் விரலை அங்கே வைத்து, “இது ஏன் தொடையெலும்பிலேயே முடிந்துவிடுகிறது? முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்பின் உள்பக்கத்தில் போய் ஒட்ட வேண்டுமே” என்றார். மூன்று கோடுகளின் சில மில்லிமீட்டர், ஒரு தசையின் பிடிப்பிடத்தையே மாற்றிவிட்டது. அந்தத் தசை முழங்காலையும் தாண்டிப் போவதால்தான் இடுப்பு, முழங்கால் இரண்டையும் மடக்க உதவுகிறது. என் படத்தை நம்பினால் அது முழங்காலை அசைக்கவே முடியாது.

இந்த இடத்தில் வெசாலியஸின் காலத்தை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் இரண்டாம் நூற்றாண்டில் குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்து எழுதியதை, ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கும் மேலாக மருத்துவர்கள் மனித உடலாக வாசித்து வந்தார்கள். வெசாலியஸும் அதிலிருந்துதான் தொடங்கினார். 1538 தாள்களில் அவர் காட்டிய கல்லீரலுக்கு ஐந்து மடல்கள் உண்டு. அது விலங்குக் கல்லீரல். இத்தாலியின் பாதுவாவில் 23 வயது நிறைவதற்கு முன்பே அறுவையும் உடற்கூறும் கற்பிக்கும் பொறுப்புக்கு வந்தவர் அவர். அங்கே மார்க்கன்டோனியோ கொன்டரீனி என்ற நீதிபதி, தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள் அவருக்குக் கிடைக்கும்படி செய்தார். தன் கையாலேயே அறுத்துப் பார்த்ததில், கீழ்த்தாடை மனிதனுக்கு ஒரே எலும்பு, கேலன் சொன்னதுபோல் இரண்டு அல்ல என்பது போன்ற திருத்தங்கள் வந்தன. தசைப் படங்களின் ஐந்தாவதில், கேலன் எழுதியதை விளக்குவதற்காக, விலங்குகளில் உள்ளதுபோல் மார்பின் மேல்வரை ஏறும் வயிற்றுத் தசையை வேண்டுமென்றே வரையச் செய்து, இது மனிதனில் இப்படி இல்லை என்று குறிப்பும் எழுதினார். அவ்வளவு கவனமானவர், கட்டை செதுக்குபவரின் கத்தி ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் அதைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

முறிந்த இடத்தைச் சரிசெய்ய, மரக்கட்டை அச்சில் பழங்காலம் தொட்டு இருக்கும் வழியையே பின்பற்றினேன். அந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் துளை, 8 மில்லிமீட்டர் ஆழம். அதே கொய்யாவிலிருந்து துளையை அடைக்கும் முளை ஒன்று; அதன் நார் கட்டையின் நாரோடு சேர்ந்து ஓட வேண்டும், குச்சியைச் சீவுவதுபோல் நீளவாக்கில் செய்தால் முகப்பில் குறுக்குநார் வந்து கெடும். அதனால் பலகைத் துண்டிலிருந்து துளைப்பானால் வட்டமாக வெட்டி எடுத்தேன். பசை தடவி இறக்கி, காய்ந்ததும் மட்டத்துக்கு இழைத்து, கோடுகளை மூலத்தைப் பார்த்துத் திரும்ப வரைந்து செதுக்கினேன். அச்சில் முளையின் வட்ட விளிம்பு ஒரு மயிரிழையாகத் தெரிகிறது. தெரிந்தவர்கள் தேடினால் மட்டுமே காண்பார்கள்.

வெசாலியஸின் படங்களில் ஒவ்வொரு தசையின் மேலும் ஒரு சிறிய எழுத்து நிற்கும்; அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு விளக்கத்துக்குப் போகலாம். லத்தீன் எழுத்துகள் போதாமல் கிரேக்க எழுத்துகளும் வரும். நான் இரண்டு எழுத்துகளை மட்டும் செதுக்கினேன். இடவலம் மாற்றிச் செதுக்குவது பழகிவிடுகிறது. கோடுகளின் நடுவே எழுத்து தெரியும்படி செய்வதுதான் கடினம். அடர்ந்த நிழலுக்குள் வைத்த எழுத்து அச்சில் கரைந்தே போனது. 1555-இன் இரண்டாம் பதிப்பில் எழுத்துகளைச் சுற்றியிருந்த கோடுகளை வெட்டி வெள்ளையாக்கித் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். நானும் அதையே செய்தேன். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் போதும்.

கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்த மாதிரி அச்சுகள் திட்டுத்திட்டாக வந்தன. கல்யாணப் பத்திரிகை அச்சிடும் பழைய டிரெடில் இயந்திரம் இன்னும் ஓடும் அச்சகம் ஒன்றுக்குக் கட்டையை எடுத்துப் போனேன். அச்சக உரிமையாளர் கட்டையைக் கையில் வாங்கி, ஓர் ஈய எழுத்தைப் பக்கத்தில் நிறுத்தி, விரலால் இரண்டின் தலையையும் தடவினார். “சார், உயரம் போதாது. எழுத்து மட்டத்துக்கு அட்டை கொடுக்க வேண்டும்.” எழுத்தின் உயரம் 23.3 மில்லிமீட்டர், என் பலகை 22. அடியில் அட்டைகளை அடுக்கிச் சரிக்கட்டினார். மரக்கட்டைப் படத்தின் பெரிய வசதியே இதுதான்: எழுத்தும் படமும் ஒரே மட்டத்தில் நின்று, ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் அச்சாகும். செப்புத் தகட்டில் குடைந்த படத்துக்குத் தனி இயந்திரம், தனி ஓட்டம் வேண்டும். பாசலில் விளக்கமும் படமும் ஒரே பக்கத்தில் கலந்து அமைந்திருப்பதற்கு வழிசெய்தது மரத்தின் இந்த உயரம்தான்.

முதல் ஓட்டத்தில் தொடையின் ஓரக் கோடுகள் கரியாக அப்பி, நடுப்பகுதி வெளிறிக் கிடந்தது. சுற்றிலும் வெள்ளை நிலம் இருப்பதால் விளிம்பின் மேல்தான் அழுத்தம் முழுவதும் இறங்குகிறது. தாளுக்குப் பின்னால் வைக்கும் அட்டையில் தொடையின் ஓர வடிவத்தை ஒரு தாள் கனத்துக்கு வெட்டி எடுத்தார் அச்சகத்துக்காரர்; நடுவில் நிழல் ஆழமான இடத்தில் மெல்லிய தாளைக் கிழித்து ஒட்டினார். விளிம்பு நேராக இருந்தால் அச்சில் தடம் தெரியும் என்பதால் கத்தரியைத் தொடாமல் கிழித்தே ஒட்டினார். அந்த நிதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே எனக்குப் பாடம். மையையும் குறைத்தோம், கோடுகளின் இடையில் மை இறங்கினால் சாய்சதுரங்கள் அடைத்துப் போகும். இரண்டு மூன்று அச்சுக்கு ஒரு முறை பழைய பல்துலக்கியில் மண்ணெண்ணெய் தொட்டுக் கட்டையைத் துடைக்க வேண்டியிருந்தது.

தாளிலும் ஒரு முடிவு மாறியது. புதுச்சேரியிலிருந்து வாங்கிய பருத்திக் கைத்தாள் பார்க்க அழகு, ஆனால் அதன் சொரசொரப்பில் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டு விழுந்தன. அதே தாளை முன்னிரவில் ஈரத் துணிகளுக்கு இடையில் வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றி வைத்தபின் அச்சிட்டபோது கோடு முழுசாக இறங்கியது. கைப்பிடித்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

செலவு: அறுவைக் கூலி 200 ரூபாய், குழியுளிகள் இரண்டும் 1,100, ஹாக்சா பிளேடு 90, விளக்கு லென்ஸ் 1,250, ஆளி எண்ணெய் அரை லிட்டர் 280, மை 320, தாள் 600, அச்சகத்துக்கு 500. கொய்யா மரம் சும்மா கிடைத்தது. பயன்படாமல் போன தேக்குக்கும் வெட்பாலைக்கும் 530 சேர்த்தால் மொத்தம் 4,870 ரூபாய். லென்ஸையும் உளிகளையும் அடுத்த கட்டைக்கும் பயன்படுத்தலாம். முதல்முறை செய்பவர்கள் லென்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கண் களைத்த பிறகு வெட்டிய வெட்டுகள்தான் பெரும்பாலும் முறிந்தன.

அடுத்த முறை பலகையை 24 மில்லிமீட்டருக்கு விட்டு, கடைசி இழைப்பை அச்சகத்து எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்வேன். விளிம்புக் கோடுகளைச் செதுக்குவதற்கு முன்பே அந்த ஓரத்தைச் சுரண்டி ஒரு தாள் கனம் தாழ்த்திவிட்டால், பின் அட்டையில் இவ்வளவு வேலை இருக்காது. நாருக்குக் குறுக்கே போகும் கோடுகளை எல்லாவற்றுக்கும் முதலில், கூர் புதிதாக இருக்கும்போதே வெட்டுவேன். செதுக்கி முடிப்பதற்கு முன்பே, பாதி வேலையிலேயே முதல் மாதிரி அச்சை எடுத்து அந்த மருத்துவரிடம் காட்டுவேன்.

வளைந்துபோன இரண்டாம் பலகையை வீணாக்க மனமில்லை. அதை நடுவில் அறுத்தால் வளைவு வெகுவாகக் குறையும். 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு தேறும். நூலின் முன்பக்கத்தில், 28 வயது வெசாலியஸ் அறுத்துத் திறந்த ஒரு முன்கையைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்க்கும் உருவப்படம் இருக்கிறது. அதில் விரல்களை மடக்கும் தசைநாண்கள் வெளியே தெரிகின்றன. அந்த முன்கையை இரண்டு மடங்கு பெரிதாக்கி, நாண்கள் நாரோடு ஓடும்படி கட்டையில் வைத்து அளந்து பார்த்தேன், சரியாகப் பொருந்துகிறது.